தறியை விட்டு எழுந்த பிறகு ஆஸ்பத்திரிச் செலவுக்கு எந்தக் காப்பீடு?

(நெசவாளர் தம்பதிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடும்ப நலக் கூட்டம் என்றதும் பிள்ளைப்பேறு, தடுப்பூசி, அளவான குடும்பம் என்றுதான் பேசுவார்கள் என நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு அது இல்லை. பிள்ளைகளை ஆளாக்கி, கட்டிக் கொடுத்து, வீட்டில் கணவனும் மனைவியுமாக மிஞ்சுகிற வருஷங்கள் இருக்கின்றனவே, அதைப் பற்றிப் பேசப் போகிறேன். அப்போது ஆஸ்பத்திரிச் செலவை யார் கொடுப்பது? அரசாங்கக் காப்பீடா, தனியார் கம்பெனி இன்ஷூரன்ஸா?

சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு ஓய்வு பெறும் தேதி முன்கூட்டியே தெரியும். மாலை போட்டு அனுப்புவார்கள், பென்ஷன் வரும், அவர்களுக்கென்று தனிக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. நெசவாளிக்கு அப்படி ஒரு தேதி ஏது? கண் மங்கி ஜரிகை இழை தெரியாமல் போகிற அன்று ஓய்வு. இடுப்பு பிடித்துக் குழியில் இறங்க முடியாத அன்று ஓய்வு. கூலியும் அன்றைக்கே நின்றுவிடும்.

அந்த நேரத்தில் ஒரு மாரடைப்போ, இடுப்பு எலும்பு முறிவோ வந்தால் என்ன செய்கிறோம்? முதலாளியிடம் முன்பணம் கேட்கிறோம். தகப்பனாருக்குத் தறி இல்லை, ஆகவே மகன் பெயரில் முன்பணம். அது அடைகிற வரையில் மகன் வேறு முதலாளியிடம் போக முடியாது, கூலி உயர்த்திக் கேட்கவும் வாய் வராது. ஒருவருடைய ஆபரேஷன் அடுத்த தலைமுறையின் கையைக் கட்டிப்போடுகிறது. காப்பீட்டைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்திப் பேசுவது இதற்காகத்தான்.

உங்களில் சிலர் வீட்டுப் பெட்டியில் பழைய நெசவாளர் காப்பீட்டு அட்டை ஒன்று இருக்கலாம். மத்திய அரசு 2005-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. லம்பார்டு கம்பெனி மூலம் கைத்தறி நெசவாளர்களுக்குக் கொண்டு வந்த திட்டம் அது. நெசவாளி, மனைவி, இரண்டு பிள்ளைகள், இந்த நால்வருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 15,000 ரூபாய். அதில் பாதி, 7,500 ரூபாய், வெளிநோயாளிச் செலவுக்கு. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டில் இருக்கும் வயதான தாய் தகப்பனுக்கு அதில் இடமில்லை. அந்தத் திட்டம் பின்னர் நின்றுவிட்டது. அந்த அட்டையை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள்.

இப்போது நம் மாநிலத்தில் இருப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 1 லட்ச ரூபாய் என்று இருந்தது. 2012 ஜனவரி 11-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் அது ஆண்டுக்கு 1 லட்சம் ஆனது. மத்திய அரசின் பிரதம மந்திரி மக்கள் ஆரோக்கியத் திட்டத்தோடு சேர்ந்த பிறகு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உயர்ந்தது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாய்; 2022 ஜனவரியில் அது 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. பிரீமியத்தை அரசாங்கமே கட்டுகிறது, உங்கள் கையிலிருந்து ஒரு பைசா வேண்டாம்.

இதில் முக்கியமான சங்கதி பணத்தின் அளவு அல்ல. இந்த அட்டைக்கு வயது வரம்பு கிடையாது. "உங்களுக்குச் சர்க்கரை இருக்கா, பி.பி. இருக்கா?" என்று கேட்டு யாரையும் தள்ளுவதில்லை. காத்திருக்கும் காலமும் இல்லை. ஏற்கெனவே இருதயக் கோளாறு உள்ளவரும் அட்டை பெற்று, பட்டியலில் உள்ள சிகிச்சையைச் செய்துகொள்ளலாம். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்பது தனியார் கம்பெனியின் விண்ணப்பத் தாளைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

குறையும் சொல்ல வேண்டும். பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் பணம். சாதாரண காய்ச்சலுக்குப் படுத்தால் கிடைக்காது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். ஓர் ஆஸ்பத்திரி கண் சிகிச்சைக்குச் சேர்ந்திருக்கும், இருதயத்துக்குச் சேர்ந்திருக்காது. ஆகவே வேலூருக்கோ சென்னைக்கோ வண்டி பிடிப்பதற்கு முன், "இந்த ஆபரேஷனுக்கு இங்கே அட்டை செல்லுமா?" என்று கேட்டுவிடுங்கள். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993. அட்டையில் சிகிச்சை நடக்கும்போது தனியாகப் பணம் கேட்டால் அதே எண்ணில் புகார் சொல்லலாம். அவசரமானால் எண்ணைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே அட்டை இல்லாவிட்டாலும் சிகிச்சை உண்டு.

எழுபது நிறைந்தவர்களுக்கு இன்னொரு வழி. வருமானம் பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை தரும் 'ஆயுஷ்மான் வய வந்தனா' அட்டையை மத்திய அரசு 2024 அக்டோபர் 29-ல் தொடங்கியது. அதற்கு வயதை ஆதாரில் உள்ளபடிதான் எடுத்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்குப் பிறந்த வருஷம் குத்துமதிப்பாக எழுதினதுதானே! சரி பார்த்து வையுங்கள். பதிவு செய்யும் விவரத்தைத் திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் கேளுங்கள்.

இனி தனியார் காப்பீடு. பாவு ஏற்றின அன்றைக்கே புடவை அறுக்க முடியுமா? கம்பெனிப் பாலிசியும் அப்படித்தான். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை பணம் தர மாட்டோம் என்று எழுதி வைக்கலாம். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்கும் அப்படி ஒரு காத்திருப்பு உண்டு. முன்பு இது நான்கு ஆண்டாக இருந்தது. 2024-ல்தான் மூன்றாகக் குறைந்தது. வயது 65-ஐத் தாண்டினால் புதுப் பாலிசி தர வேண்டியதில்லை என்ற நிலையும் அதே ஆண்டில் மாறியது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது. எல்லாம் நன்மைதான். ஆனாலும் வயது ஏற ஏறப் பிரீமியம் ஏறும், ஒரு வருஷம் கட்டத் தவறினாலும் கட்டின பலன் போய்விடும்.

ஆகவே ஏஜெண்டு சொல்லும் தொகையைப் புடவைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். இருவருக்கும் சேர்த்து வருஷத்துக்கு 30,000 ரூபாய் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புடவைக்குக் கையில் 5,000 நின்றால் அது ஆறு புடவை. தறி ஓடும்போது முடியும். தறி நின்ற பிறகும் 65-ல், 72-ல் அதைவிடக் கூடுதலாகக் கட்ட முடியுமா? பிள்ளைகள் கட்டுவார்கள் என்றால் அவர்களை எதிரில் உட்கார வைத்துக் கேளுங்கள். பத்து வருஷம் கட்டிவிட்டு, நோய் வருகிற வயதில் கைவிட்டால் அதைவிட நஷ்டம் வேறில்லை.

"சர்க்கரை இருக்கிறதை எழுத வேணாங்க, நான் பாத்துக்கிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் பாலிசி எடுக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் பணம் மறுக்கப்படும். அப்போது அவர் அங்கே இருக்க மாட்டார். அறை வாடகைக்கு வரம்பு இருக்கிறதா, செலவில் எத்தனை பங்கு நீங்கள் தர வேண்டும் என்பதையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நூற்றுக்கு இருபது உங்கள் பங்கு என்று இருந்தால், 1 லட்சம் பில்லில் 20,000 நீங்கள்தான் கட்டணும். வாடகை வரம்பு 3,000 இருக்க 6,000 ரூபாய் அறையில் படுத்தால், டாக்டர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் வெட்டுப்படும். வாங்கின பாலிசி பிடிக்கவில்லையானால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால் இதுதான். வருமான வரம்புக்குள் இருக்கிற தம்பதிகள் அரசு அட்டையை முதலில் வாங்கிவிட வேண்டும், தனியார் பாலிசிக்காகக் கடன் வாங்கக் கூடாது. வரம்புக்கு மேலே வருமானம் உள்ளவர்கள், நாலு தறி வைத்து நடத்துகிறவர்கள், பாலிசி எடுக்கத்தான் வேண்டும். எடுப்பதை ஐம்பதுக்கு முன்பே, நோய் வருமுன் எடுங்கள். இரண்டும் இருந்தாலும் தப்பில்லை.

ஒன்று பாக்கி. பாலிசியில் வெளிநோயாளிச் செலவு பெரும்பாலும் சேராது, அரசு அட்டையிலும் இல்லை. மாதாமாதம் மாத்திரை, ரத்தப் பரிசோதனை, இடுப்பு வலி மருந்து, இவைதான் முதுமையில் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பவை. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் மூலம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் பெரிய பில் வரும் நாள் தள்ளிப் போகும்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. தார் சுற்றி, இழை பிணைத்து, சமைத்துப் போட்ட அம்மாவுக்கு முட்டி வலி என்றால் "தைலம் தேய்" என்கிறோம். உங்களுக்கு நெஞ்சு வலித்தால் அன்றே வேலூர்! அட்டையிலும் பாலிசியிலும் அவர் பெயர் இருக்கிறதா என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள். அட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் மயங்கி விழுந்தால் அதை எடுத்து வர வேண்டியவர் அவர்தான்.

புதிதாகப் பதிய விரும்புகிறவர்கள் குடும்ப அட்டை, இருவருடைய ஆதார், கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்று ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலக மையத்துக்குப் போங்கள். நடக்கிற நிலையில் இருக்கும்போதே இருவரும் சேர்ந்து போய் வாருங்கள். சந்தேகம் இருப்பவர்கள் இப்போது கேட்கலாம்.