கையெழுத்து மட்டும் போதுமா?

(ஈப்போவில் முதியோர் வகுப்புத் தொண்டர்களிடையே ஆற்றிய உரை)



பின்னால் நிற்பவர்கள் உட்காருங்கள். இது பெரட்டு அல்ல. யாரும் பெயர் கூப்பிடப் போவதில்லை.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு உங்களுக்குப் புத்தி சொல்கிறோம். முதியோர் வகுப்பை நாங்கள் தொடங்கிய காலத்தில் "கைநாட்டை ஒழிப்போம்" என்பதே எங்கள் கோஷம். ஆறு வாரத்தில் ஒவ்வொருவரும் தம் பெயரை எழுதக் கற்றுக்கொண்டனர். சங்கக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுக் காட்டினர், கை தட்டினோம். அவர்களில் ஒருவர், முப்பது வருஷம் பால் வெட்டியவர், சில மாதங்களுக்குப் பின் எங்களைத் தேடி வந்தார். தோட்டம் கைமாறிய சமயம் அது. அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டினார்களாம். இவரும் பெருமையோடு கையெழுத்திட்டாராம். குறிப்பிட்ட நாளுக்குள் லயத்து வீட்டைக் காலி செய்யச் சம்மதிக்கிறேன் என்பதுதான் அந்தத் தாளின் வாசகம். அது அவருக்குத் தெரியாது.

பழையபடி கைநாட்டு வைப்பவராக அவர் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பக்கத்தில் ஒரு சாட்சி நின்றிருப்பார். "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று இவரும் கூச்சமில்லாமல் கேட்டிருப்பார். கையெழுத்துப் போட்டவனோ படித்துப் பார்த்துத்தான் போட்டான் என்று உலகம் கருதுகிறது. படிக்கத் தெரியாதவன் கையில் கையெழுத்தை மட்டும் கொடுத்து அனுப்பினோம் நாங்கள். அன்று கை தட்டிய கைகளை இன்றும் நினைத்துப் பார்க்கிறோம்.

எங்கள் வகுப்பில் உட்காருகிறவர்கள் ஏன் சிறு வயதில் படிக்கவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். 1923-ம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. பள்ளிக்கூடம் இருந்தது, பிள்ளை இல்லை. பத்து வயதானதும் தாயின் நிரையில் மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் போய்விட்டது. அந்த அறியாமைக்கு விலை கொடுத்த காலமும் உண்டு. 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றானபோது, சிவப்பு அடையாளக் கார்டை நீலக் கார்டு என்று நம்பிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவர்களைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். நிறம் தெரிந்தது, அதன் பொருள் தெரியவில்லை. பலர் கப்பலேறினார்கள்.

சரி, எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

நாங்கள் ஆரம்பத்தில் பாலர் பாடப் புத்தகத்தைத்தான் எடுத்துப் போனோம். அணில், ஆடு, இலை! பேரன் பேத்தி எடுத்த பாட்டியிடம் அணில் படத்தைக் காட்டினோம். முதல் வாரம் பாய் போதவில்லை. நான்காவது வாரம் விளக்கைச் சுற்றிப் பூச்சிகள்தான் மிச்சம். அவர்களுக்கு ஆசை இல்லை என்று நாங்கள் எழுதி வைத்தோம். ஆசை இருந்தது, அணிலிடம் அல்ல.

இதை நமக்கு முன்பே கண்டுகொண்டவர்கள் உண்டு. 1963-ல் பிரேசில் நாட்டில் அங்கிகோஸ் என்னும் ஊரில் பவுலோ பிரெய்ரி என்ற ஆசிரியர், சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரப் பாடத்தில் எழுத்தறிவு கொடுக்க முயன்றார். அவர் முறையில், மக்கள் தினமும் வாயில் வைத்துப் புழங்கும் சொல்லிலிருந்துதான் பாடம் தொடங்கும். கட்டட வேலை செய்வோருக்கு "செங்கல்" என்பதே ஒரு பாடம். தமிழ்நாட்டில் 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்திலும் அ, ஆ-வில் தொடங்கவில்லை. "பட்டா" என்ற சொல்லில் தொடங்கினார்கள். நிலமில்லாத கூலிக்காரனுக்குப் பட்டா என்றால் காது நிமிராதா? அங்கே கல்லுடைக்கும் பெண்கள் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள்.

நமக்குப் பட்டா எது? "பால் மரம்" என்று எழுதிப் போட்டோம். ப, ம, ர, ல என நான்கே எழுத்து. ஒரு காலும் ஒரு புள்ளியும் கூடச் சேர்த்தால் பலம், பாலம், பாரம், லாபம், மாமா, ரம்பம், ரப்பர் எல்லாம் வந்துவிடுகின்றன. முதல் இரவிலேயே "ரப்பர் பாரம், லாபம் பலர்?" என்று ஓர் அண்ணன் கோத்துக் காட்டினார். இலக்கணம் தவறுதான், நாங்கள் திருத்தவில்லை. வகுப்பே சிரித்தது, அடுத்த நாள் எல்லாரும் வந்தார்கள். 247 எழுத்து என்று ஆரம்பத்திலேயே பயமுறுத்தாதீர்கள். அடுத்த வாரம் சம்பளம், அதற்கடுத்து சங்கம், கடன், வீடு. எந்தச் சொல்லைப் போட்டால் வகுப்பில் பேச்சுக் கிளம்புகிறதோ அந்தச் சொல்லை முதலில் போடுங்கள். பேச்சு அடங்கியதும் எழுத்துக்கு வாருங்கள்.

கணக்கும் அப்படித்தான். வாய்ப்பாட்டில் தூங்கியவர்கள் பால் கணக்கில் விழித்தார்கள். 20 கிலோ பாலில் 100-க்கு 30 வீதம் காய்ந்த ரப்பர் என்றால் 6 கிலோ. அதையே 27 வீதம் என்று எழுதினால் 5 கிலோ 400 கிராம். ஒரு நாளைக்கு 600 கிராம்தானே? 25 நாள் வெட்டினால் 15 கிலோ! இதைப் பலகையில் போட்டதும் பின்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து, "இன்னொரு தடவை மெதுவாகப் போடுங்கள்" என்றார். சதவீதம் என்பதை அன்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்று கட்டிப்பாலைக் கடையில் கொண்டுபோய்ப் போடும் சிறுதோட்டக்காரருக்கும் இதே கணக்குத்தான்.

"என் கை மரத்துப் போய்விட்டது, எழுத வராது" என்பார்கள். நம்பாதீர்கள். உளியைப் பிடித்து ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை மட்டும் சீவி, உள்ளே மரத்துக்குக் காயம் படாமல் நிறுத்தும் கை அது. இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே அந்தச் சாய்ந்த கோட்டை எத்தனை ஆயிரம் தடவை இழுத்திருக்கிறது! முதலில் அதே கோட்டைச் சாக்குக்கட்டியால் பலகையில் இழுக்கச் சொல்லுங்கள். நின்றுகொண்டு, பெரிதாக. மெல்லிய பென்சிலை அப்புறம் கொடுக்கலாம். முதல் நாளே கொடுத்தால் முனை ஒடியும், மனமும் ஒடியும். இன்னொன்று, கண். "மண்டையில் ஏறவில்லை" என்று சொன்ன ஒரு பாட்டியிடம் ஊசியில் நூல் கோக்கச் சொன்னோம், முடியவில்லை. மூக்குக்கண்ணாடி வந்த பிறகு மண்டையில் ஏறிற்று.

நேரத்தைப் பற்றிச் சண்டை வேண்டாம். விடியுமுன் எழுந்தவர் இரவு ஒன்பதுக்கு உங்கள் முன் உட்கார்ந்தால் கொட்டாவிதான் பாடம். மாலை குளித்தபின், சமையலுக்கு முன், ஒரு மணி நேரம் போதும். மழை பெய்து வெட்டு நின்ற நாளும், இலையுதிர் காலத்தில் பால் குறைந்த வாரங்களும் நமக்குக் கிடைத்தவை. கூலி போன நாளில் வருத்தத்தோடுதான் வருவார்கள். அன்று வருத்தத்தையே எழுதச் சொல்லுங்கள்.

இனிக் கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. கோபிக்கக் கூடாது. பகலில் செக்ரோல் புத்தகத்தை நீங்கள் வைத்திருக்கிறீர்கள்; இரவில் அதே ஆளுக்குப் பாடம் சொல்கிறீர்கள். மேசைக்குப் பின்னால் உட்காராதீர்கள், பாயில் உட்காருங்கள். "நீ, வா, போ" வகுப்பு வாசலிலேயே நிற்கட்டும். அக்கா, அண்ணே, பெரியம்மா என்று கூப்பிடுங்கள். தப்பாகப் படித்தால் உடனே பாயாதீர்கள், அவரே இரண்டாம் தடவை பார்க்கட்டும். மகன் முன்னால் தாயைப் படிக்கச் சொல்லாதீர்கள். உங்களுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கும்: நாளைக்கு இவர்கள் செக்ரோலைத் திருப்பிப் பார்த்துக் கேள்வி கேட்பார்களே! கேட்பார்கள். அந்தப் பயம் இருப்பவர் இப்போதே சொல்லிவிட்டு விலகிக்கொள்வது மரியாதை.

தமிழா, மலாயா என்ற கேள்வியும் வருகிறது. தாய்மொழியில் எழுத்தறிவு தொடங்குவதே எளிது என்று 1953-லேயே யுனெஸ்கோ அறிக்கை சொன்னது. எங்கள் அனுபவமும் அதுவே. ஆனால் மருத்துவமனைக் கார்டும் சேமநிதித் தாளும் ரூமி எழுத்தில் வருகின்றன. பேச்சு மலாய் அவர்களுக்குத் தெரியும், எழுத்துத்தான் தெரியாது. ஆகவே தமிழில் வாசிக்கப் பழகிய மூன்றாம் மாதத்தில், எண்கள், மாதப் பெயர்கள், தம் பெயர் என்று ரூமியில் தொடங்குகிறோம். அவசரமானவர்களுக்கு முன்னதாகவே. இதில் பிடிவாதம் உதவாது.

இப்போது தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறி, நம் ஆட்கள் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். வகுப்பும் அங்கே போயிருக்கிறது. சென்ற மாதம் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு வகுப்பில், குத்தகையாளரிடம் வேலை செய்யும் ஓர் அக்கா தம் ஊழியர் சேமநிதிக் கணக்குத் தாளைக் கொண்டுவந்தார். மாதம் மாதமாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் விரலை எடுக்கவில்லை. "இந்த இரண்டு மாசத்துக்கும் பணம் இல்லையே? நான் லீவு போடலையே?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. எல்லாருமாக உட்கார்ந்து குத்தகையாளருக்குக் கடிதம் எழுதினோம். முதல் இரண்டு வரிகள் அக்காவின் கையெழுத்து. பதில் இன்னும் வரவில்லை. வருகிற புதன்கிழமைப் பாடம், சேமநிதி அலுவலகத்துக்கு இரண்டாவது கடிதம்.