கொங்கன் படையும் இரண்டாம் பாகமும்

சொந்த ஊரைவிட்டு வெளிமாநிலத்தில் வந்து குடியேறியவர்களுக்கு அந்த இடத்து மொழி பழகச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அந்த இடத்துச் சண்டைப் படம் முதல் வாரத்திலேயே விளங்கிவிடுகிறது. ஒருவன் அடிக்கிறான், மற்றொருவன் விழுகிறான். இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்டு டில்லியில் காலம் கழிக்கும் நாம் இதைச் சற்று வெட்கத்துடனேயே ஒப்புக்கொள்கிறோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதும் அத்தகைய ஒரு சண்டைப் படத்தைப் பற்றியே. குறிப்பாக அதன் இரண்டாம் பாகத்தைப் பற்றி.

2013-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 'கமாண்டோ' என்ற ஹிந்திப் படம் வெளியாயிற்று. பெரிய நட்சத்திரங்களின் படங்களுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அதைச் சிறிய படம் என்றே சொல்ல வேண்டும். கதாநாயகராக நடித்த வித்யுத் ஜம்வால் அப்போது பெரும்பெயர் பெற்றவர் அல்லர். முந்திய ஆண்டு 'துப்பாக்கி' படத்தில் விஜய்க்கு எதிரியாக வந்தவர் என்று சொன்னால் தமிழ் நேயர்களுக்கு உடனே முகம் நினைவுக்கு வரும். சண்டைக் காட்சிகளில் தமக்குப் பதிலாக வேறொருவரை நிறுத்தாமல் தாமே குதிப்பவர், தாமே பாய்பவர் என்பதே அவருடைய முதலீடு. அந்த வித்தையை அவர் எங்கே கற்றார் என்று விசாரித்தபோதுதான் நமக்கு அப்படத்தில் தனி அக்கறை பிறந்தது. மூன்றாம் வயதிலிருந்து தாம் களரிப்பயிற்று பயின்றது பாலக்காட்டில் என்று அவரே பலமுறை கூறியிருக்கிறார். பாலக்காடு என்றால் அது நம் ஊர்ப்பக்கம்.

நம் ஊர் சித்தூர். ஆந்திரத்துச் சித்தூர் அன்று. பாலக்காட்டுக்குக் கிழக்கே, சோகநாசினி என்ற அழகிய பெயர் கொண்ட ஆற்றங்கரையில் உள்ள சித்தூர். 1956 வரையில் அது கொச்சி, பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஆட்சிகளில் இருந்தது. சுற்றிலுமோ சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்த மலபார். மேற்கே நடந்தால் மலையாளம். கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று நடந்தால் தமிழ். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று எப்படித் தடையின்றி வருகிறதோ அப்படியே பாஷையும் வந்து போகும் இடம் அது. தமிழ்ப் படங்களும் அவ்வழியே வந்தன. எம்.ஜி.ஆரின் தாயார் ஊரான வடவனூர் அதே தாலுகாவில்தான் இருக்கிறது. அங்கே அவருடைய பூர்வீக இல்லம் 2019-இல் நினைவில்லமாகத் திறந்து வைக்கப்பட்டது. திரையில் வாளேந்தியவர்களில் தலைசிறந்தவர் நம் தாலுகாக்காரர் என்று சிறுவயதில் நாம் அடைந்த பெருமைக்கு அளவில்லை.

அந்தச் சித்தூரில் ஆண்டுதோறும் ஒரு சண்டை நடக்கிறது. மாசியில், அதாவது மலையாளக் கும்ப மாதத்தில், 'கொங்கன் படை' என்ற திருவிழா. முன்னொரு காலத்தில் கொங்கு நாட்டுச் சேனை கணவாய் கடந்து படையெடுத்து வந்ததாம். ஊரைக் காத்து நின்ற பகவதி அதை முறியடித்தாளாம். அந்தப் போரை ஊர் மக்களே இரு தரப்புமாகி நின்று நடித்துக் காட்டுவார்கள். முடிவு யாவருக்கும் தெரியும். சென்ற ஆண்டு தோற்ற கொங்கன் இந்த ஆண்டும் தோற்பான். அடுத்த ஆண்டும் தோற்பதற்காகவே வருவான். இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று எண்ணத் தொடங்கினால் நூறாவது பாகத்தையும் கடந்துவிட்ட கதை அது. ஆயினும் கூட்டம் குறைவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எம் மகனை அத்திருவிழாவுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். டில்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அப்போது பத்து வயது. தோளின் மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று குனிந்து, "அப்பா, கொங்கன் என்றால் கோயம்புத்தூர்க்காரர்களா?" என்றான். ஆம் என்றோம். "பாட்டி பொள்ளாச்சிதானே? அப்படியானால் நாம் யார் பக்கம்?" என்றான்.

நாம் விடை சொல்லவில்லை. கொட்டு முழக்கத்தில் கேட்காதது போல் இருந்துவிட்டோம். உண்மையில் நன்றாகக் கேட்டது. பிழைப்புக்காக வேற்றிடம் சென்ற எவரும், பிறர் சொல்லும் வீரக் கதையில் தோற்றவன் தம்மவன் என்று காணும் வேளை ஒன்று வரத்தான் செய்கிறது. பள்ளிப் புத்தகத்தில் வரலாம். சினிமாவில் நகைச்சுவைப் பாத்திரமாக வரலாம். அப்போது குழந்தையிடம் என்ன சொல்வது?

அந்த விடையைத் தேடும்போதுதான் சண்டைக் கலையைப் பற்றி நாம் முன்பு அறிந்திருந்த ஒன்று புதிதாகப் புலப்பட்டது. வடக்கன் களரியில் பயிற்சி நான்கு படிகளாகச் செல்லும். முதலில் மெய்த்தாரி, உடலைப் பழக்குவது. பிறகு கோல்தாரி, மர ஆயுதங்கள். அதற்குப் பிறகு அங்கத்தாரி, இரும்பு ஆயுதங்கள். இறுதியாக வெறுங்கை. நிலமட்டத்துக்குக் கீழே தோண்டிய மண்தரையில், ஆசான் வாயால் சொல்லும் வாய்த்தாரிக்கு ஏற்ப, இருவர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவன் வீசுகிறான், மற்றவன் ஏற்கிறான். பிறகு இடம் மாறுகிறது, ஏற்றவன் வீசுகிறான். அடிப்பதும் ஏற்பதும் ஒரே பாடத்தின் இரு பாதிகள். ஒன்றை மட்டும் கற்றவன் எதையும் கற்றவன் ஆகான். அடிபட்ட உடம்புக்கு எண்ணெய் தடவி உழிந்து குணப்படுத்தும் வைத்தியமும் அதே ஆசானின் கையில்தான் இருக்கிறது. எங்கள் கிராமத்தில் சிலம்பம் கற்பித்த முதியவர் ஒருவர், வந்து சேரும் பையனுக்கு முதல் வாரம் கம்பையே கொடுக்க மாட்டார். "முதலில் விழக் கற்றுக்கொள், அப்பா, மற்றதெல்லாம் தானே வரும்" என்பார்.

திரைச் சண்டைக்கும் இதுவே இலக்கணம் என்று நமக்குத் தோன்றுகிறது. நாயகனின் குத்துக்கு எடை எங்கிருந்து வருகிறது? அவன் கையிலிருந்து அன்று, விழுகிறவன் உடம்பிலிருந்து. விழுகிறவன் காலத்தோடு விழாவிட்டால் பீமனின் அடியும் பொய்யாகும். இதற்கு நம் கண்முன் இருந்த சிறந்த சான்று எம்.என். நம்பியார். கண்ணூர்ப் பக்கத்தில் பிறந்து தமிழுக்கு வந்த அவர் எம்.ஜி.ஆரிடம் எத்தனை படங்களில் தோற்றார் என்று கணக்கிடுவது கடினம். 1965-இல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் கடற்கொள்ளைத் தலைவனாக அவர் வாளெடுத்து நின்ற நிலையை எண்ணிப் பாருங்கள். எதிரே இருப்பவன் எளியவன் அல்லன் என்ற அச்சம் நமக்கு வந்த பிறகுதான் நாயகனின் வெற்றி இனித்தது. தோற்றே புகழ் கொண்டவர் அவர்.

இப்போது நாம் தொடங்கிய படத்துக்கு வருவோம். முதல் 'கமாண்டோ'வின் கதை மிக எளியது. பயிற்சியின்போது ஹெலிகாப்டர் விபத்துக்குள்ளாகி ஒரு வீரன் சீனர் கையில் சிக்குகிறான். தன் நாடே அவனை அறியோம் என்று கைவிடுகிறது. தப்பி வந்தவன், கட்டாயக் கல்யாணத்துக்கு அஞ்சி ஓடும் ஒரு பெண்ணைக் காக்க நேருகிறது. பிறகு காடு, துரத்துகிறவர்கள், இவன். அவ்வளவே. பணம் குறைவாக இருந்ததனாலோ என்னவோ, காமிரா உடம்பை விட்டு அகலவில்லை. பாய்வதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரையில் காட்டுகிறது. அடியாட்கள் ஒவ்வொருவரும் எப்படி வந்தார்கள், எங்கே விழுந்தார்கள் என்று நம்மால் சொல்ல முடிகிறது.

'கமாண்டோ 2' 2017 மார்ச் 3 அன்று வந்தது. 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டு நான்கு மாதம்கூட ஆகாத வேளை. ஆகவே கதை கறுப்புப் பணத்தைப் பிடித்துக்கொண்டது. பணத்தைப் பதுக்கும் ஒருவனைக் கொண்டுவர நாயகன் கூட்டத்தோடு மலேசியா செல்கிறான். அந்த ஆள் உண்மையில் யார் என்பதில் ஒரு முடிச்சு, முடிச்சுக்குள் முடிச்சு. நாயகனின் உடல்வன்மை சிறிதும் குறையவில்லை. தொடக்கச் சண்டையில் அவர் காட்டிய இலாகவம் கண்டு கொட்டகையில் கைதட்டினோம். ஆனால் படம் செல்லச் செல்ல, நகரம் பெரிதாயிற்று, சூழ்ச்சி பெரிதாயிற்று, பேச்சு பெரிதாயிற்று. விழுகிறவர்கள் மட்டும் சிறியவர்கள் ஆனார்கள். அவர்கள் யார், ஏன் வந்தார்கள் என்று அறியுமுன் தரையில் கிடந்தார்கள். அறியாதவனை வீழ்த்துவதில் என்ன வீரம் இருக்க முடியும்? 2019-இல் மூன்றாம் பாகமும் வந்துவிட்டது. எனவே வியாபாரத்தில் இம்முயற்சி வீண் என்று கூறமாட்டோம். நம் குறை வேறு. இரண்டாம் பாகம் எடுப்போர் பெரும்பாலும் நாயகனை இரு மடங்கு ஆக்குகிறார்கள். எதிரியை இரு மடங்கு ஆக்க மறந்துவிடுகிறார்கள்.

இது புதிதாக நேர்ந்த பிரச்சினை அன்று. நம் நாட்டில் சண்டைப் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கும் வழக்கம் எண்பது ஆண்டுப் பழமை உடையது. 1935-இல் பம்பாய் வாடியா மூவிடோன் 'ஹண்டர்வாலி' என்ற படத்தை எடுத்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்து நம் நாட்டுக்கு வந்த நாடியா, கையில் சவுக்குடன் குதிரை ஏறி அநீதியை எதிர்த்தார். கற்றோர் அத்தகைய படங்களை மதிக்கவில்லை. மலிவு வகுப்பில் இருந்தவர்கள் மதித்தார்கள். அதன் சாயலில் தமிழிலும் 1937-இல் கே.டி. ருக்மிணி நடித்த 'மின்னல்கொடி' வந்தது. 1943-இல் ஹோமி வாடியா தனியே தொடங்கிய பஸந்த் பிக்சர்ஸ் மீண்டும் நாடியாவைக் கொண்டே 'ஹண்டர்வாலி கி பேட்டி', அதாவது சவுக்குக்காரியின் மகள் என்ற படத்தை எடுத்தது. அவர் முறுக்கிய ஆட்களைத் தோளின்மேல் தூக்கி நிறுத்தும் காட்சிகளை இன்றும் புகைப்படங்களில் காணலாம். அப்படங்களைப் பாருங்கள்: தூக்குகிற நாடியா நிமிர்ந்து நிற்கிறார். தூக்கப்பட்டவனோ, உயிரை அவர் தோளில் ஒப்படைத்து, அசையாமல் கிடக்கிறான். இரண்டும் சம அளவு துணிவு. நாடியாவின் பெயர் நமக்குத் தெரியும். அவன் பெயர் தெரியாது.

அந்தப் பெயர் தெரியாத துணிவுக்கு விலை உண்டு. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு தமிழ்ப் படத்துக்காகக் காரைப் பாயவிடும் காட்சி எடுத்தபோது சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். திரையில் நாம் பார்க்கும் ஒவ்வொரு வீழ்ச்சியும் ஓர் உடம்பு உண்மையாகவே மேலிருந்து கீழே வந்ததன் பதிவு என்பதை இத்தகைய செய்தி வரும்போது மட்டுமே நினைக்கிறோம். மறுவாரம் மறந்துவிடுகிறோம். மெத்தையும் கயிறும் வைத்தியரும் காப்பீடும் படத்தின் செலவுக் கணக்கில் கடைசி வரியாக இருக்கும் வரையில், சிறு செலவுப் படம் என்று நாம் பெருமையாகச் சொல்வதில் ஒரு பகுதி, யாரோ ஒருவர் தம் எலும்பால் கட்டிய தொகையாகவே இருக்கும்.

இனி, எம் மகனுக்கு அன்று சொல்லாத விடைக்கு வருவோம். திருவிழா முடிந்து இரவு ஆற்றுப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு நடந்தபோது, அன்று கொங்குச் சேனையில் நின்ற ஓர் உறவினரும் எங்களோடு வந்தார். உடம்பெல்லாம் புழுதி. வழியில் ஒரு தேநீர்க் கடையில் நின்றோம். பகவதியின் பக்கம் நின்ற இருவர் அங்கே ஏற்கெனவே அமர்ந்திருந்தனர். இடம் விட்டு இவரை உட்கார வைத்து, இவருக்கும் சேர்த்துத் தேநீர் சொன்னார்கள். ஒருவர் மலையாளத்தில் ஏதோ கேலி செய்தார். இவர் தமிழில் திருப்பினார். மூவரும் சிரித்தார்கள்.

எம் மகன் அவரைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தான். "மாமா, ஒவ்வொரு வருஷமும் தோற்கிற பக்கம் நிற்கிறீர்களே, வருத்தமாக இல்லையா?" என்றான். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, "நான் வராவிட்டால் இவர்கள் யாரை ஜெயிப்பார்கள், தம்பி?" என்றார்.

நாம் தேடிய விடை அதுவே. கதையில் தோற்றவன் நம்மவனாக இருப்பதில் இழிவில்லை. அவன் இல்லாமல் கதையே இல்லை. இழிவு எப்போது வருகிறதென்றால், விழுகிறவனுக்கு முகமும் காரணமும் இல்லாமல் போகும்போது. நேயர்களே, அடுத்த முறை ஏதோ ஒரு சண்டைப் படத்தின் இரண்டாம் பாகத்துக்குக் குழந்தைகளோடு செல்வீர்களாயின், நாயகன் குதிக்கும்போது அவன் காலடியில் விழுகிறவரையும் ஒரு கணம் சுட்டிக் காட்டுங்கள். இறுதியில் பெயர்கள் ஓடும்போது எழுந்து செல்லாமல் சண்டைக் கலைஞர்களின் வரிசை வரும் வரையில் அமர்ந்திருங்கள். அதற்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகாது.