சோதிக்காமல் ஏலம் விடாதே! கண்மாய் மீனில் என்ன இருக்கிறது என்று சொல்!

(காரைக்குடி வட்டாரத்தில் நடந்த கண்மாய்ப் பாதுகாப்பு விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



வறட்சி நிவாரணம், பயிர்க் காப்பீடு, உரத் தட்டுப்பாடு என்றுதான் நாம் வழக்கமாகக் கூடுவோம். இன்றைக்கு மீனைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். "விவசாய சங்கத்துக்கும் மீனுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கு. நெல்லுக்குப் பாய்வதும், மாடு குடிப்பதும், மீன் வளர்வதும் ஒரே கண்மாய்த் தண்ணியில்தான்.

போன மழைக்கு முன்னால் நம் வட்டாரத்தில் ஒரு கண்மாயின் வரத்துக்கால் ஓரம், ராத்திரி நேரத்தில் டேங்கர் லாரியில் வந்து கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். கொட்டியது யார், அதில் கலந்திருப்பது என்ன என்று கேட்டு மனுக் கொடுத்தோம். "பார்க்கிறோம்" என்றார்கள். இன்றுவரை பதில் இல்லை. அப்புறம் மழை பெய்தது, வரத்துக்கால் ஓடியது, கண்மாய் நிறைந்தது, மீனும் வளர்ந்துவிட்டது. இப்போது மீன்பாசி ஏலத்துக்கு நாள் குறிக்கப் போகிறார்கள். தண்ணி வற்றியதும் ஊத்தாவும் கச்சாவும் எடுத்துக்கொண்டு ஊரே இறங்கும். பிடித்த மீன் அன்று ராத்திரியே எல்லார் வீட்டு அடுப்பிலும் கொதிக்கும்.

"தண்ணி தெளிஞ்சு கெடக்கு, மீன் துள்ளுது, ஒண்ணும் செத்து மெதக்கலையே, பெறகு என்ன பயம்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கூட்டம். மீன் செத்து மிதந்தால் யாரும் தின்னமாட்டோம். சில விஷம் மீனைக் கொல்லாது. மீன் சதையில் போய்த் தங்கும். தின்றவர்களைத்தான் பிடிக்கும்.

கொடைக்கானலில் நடந்தது என்ன?

கொடைக்கானல் மலையில் 1983-ல் பாண்ட்ஸ் கம்பெனி ஒரு தெர்மாமீட்டர் ஆலை ஆரம்பித்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆலையைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய்க்குள் வெள்ளி மாதிரி மின்னுமே, அதுதான் பாதரசம். 2001 மார்ச் மாதம் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஏழு டன்னுக்கு மேல் கிடந்ததை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் கண்டுபிடித்தார்கள். அந்த மாதமே ஆலை நின்றது. மறுபடி திறக்கவே இல்லை. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவைக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

அதோடு தீர்ந்ததா? தீரவில்லை. ஆலை ஓடிய காலத்தில் ஆவியாகப் போன பாதரசம் சுற்றுவட்டாரத்தில் இறங்கியிருந்தது. ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகள் கொடைக்கானல் ஏரியின் தண்ணி, சேறு, மீன் மூன்றையும் எடுத்துச் சோதித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றிலும் பாதரசம் இருந்தது. தள்ளி இருக்கும் பேரிஜம், குக்கல் ஏரித் தண்ணியில் அதைவிட வெகுவாகக் குறைவு. அந்த ஏரியில்தான் சுற்றுலா வந்தவர்கள் படகு விட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் அழகான ஏரிதான்!

"அது மலைமேல, நமக்கு என்ன?" என்று நினைக்காதீர்கள். ஆலையின் பின்பக்கம் விழும் மழைத்தண்ணி பாம்பாற்றுச் சோலைக்குள் இறங்குகிறது. நம் பக்கத்துப் பாம்பாறு வேறு, இது பழனி மலையில் ஓடும் பாம்பாறு. அது கும்பக்கரை அருவியாக விழுந்து, பெரியகுளம் பக்கம் வராக நதியோடு சேர்ந்து, வைகைக்கு வருகிறது. அந்த வைகைதான் நம் மாவட்டத்தில் திருப்புவனம், மானாமதுரைக் கண்மாய்களை நிறைக்கிறது. வைகை மீனில் விஷம் என்று நாங்கள் புரளி கிளப்பவில்லை. மேலே கொட்டுவதற்குக் கீழே வர வழி இருக்கிறது, அதைத்தான் சொல்கிறோம்.

தண்ணியில் கொஞ்சம், மீனில் நிறைய

இது எப்படி நடக்கிறது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். பாதரசம் கண்மாயில் விழுந்தால் அடியில் போய்ச் சேற்றில் படியும். காற்றுப் புகாத அந்தச் சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்ற கொடிய விஷமாக மாற்றிவிடும். அதைப் பாசி இழுக்கும். பாசியைத் தண்ணிப் பூச்சி தின்னும். பூச்சியை அயிரையும் கெண்டைக் குஞ்சும் தின்னும். அவற்றைக் கெளுத்தி தின்னும், விரால் தின்னும். தின்ற விஷம் லேசில் வெளியே போகாது. நூறு அயிரையைத் தின்ற விராலின் உடம்பில் நூறு அயிரையின் விஷமும் சேர்ந்திருக்கும். தண்ணியில் இருக்கும் அளவைப்போல லட்சம் மடங்கு, பத்து லட்சம் மடங்கு என்றுகூடப் பெரிய மீனில் ஏறும். கந்துவட்டிக்காரன் வட்டிக்கு வட்டி போடுவது நமக்குத் தெரியாதா? அதே கணக்குதான் இதுவும்.

ஆகவே, தண்ணியை மட்டும் ஒரு பாட்டிலில் பிடித்துப் போய், "ஒண்ணும் இல்லை" என்று காகிதம் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சேற்றை எடு, மீனை எடு, அதிலும் மூத்த விராலை எடு என்று கேளுங்கள். சாதாரண மீனில் கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியே சொல்கிறது. அந்த விதி கடையில் விற்கும் மீனுக்கு மட்டுமா? கண்மாய் மீனுக்குக் கிடையாதா?

தாய்மார்கள் கவனிக்க வேண்டும். உப்பும் மஞ்சளும் போட்டு ஏழு தடவை அலசினாலும் இது போகாது. குழம்பு கொதித்தாலும் போகாது, கருவாடு போட்டாலும் போகாது. சதையோடு ஒட்டி இருப்பது. உடம்பில் கூடினால் மூளையையும் நரம்பையும் தாக்கும். விரல் மரத்துப் போகும், நடை தடுமாறும், பார்வை குறுகும், பேச்சுக் குழறும். பெற்றவள் நன்றாக இருந்தாலும் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி கெட்டுப்போகும்.

மீன் நல்ல உணவுதான். ஏழை பாழைக்குக் கிடைக்கிற சத்தும் அதுதான். அது சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்து நிம்மதியாகத் தின்னவேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

பாதரசம் ஒன்றோடு போவதில்லை. பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி, 1989-ல் விவசாயத்துக்குத் தடை செய்த டிடிடி, 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்ட எண்டோசல்பான், இவையெல்லாம் லேசில் அழியாத ரகம். உயிர்களின் கொழுப்பில் தங்கும். ஆகவே நாம் வயலில் அடிக்கும் மருந்தையும் சேர்த்தே சோதிக்கச் சொல்கிறோம். ஆலைக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் கிடையாது.

வாயை மூடினால் என்ன ஆகும்?

நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் ஒரு கவலையைச் சொல்கிறார்கள். "இதைப் பேசினா மீன் விக்காது. ஏலம் எவனும் எடுக்கமாட்டான். கோயில் திருவிழாவுக்குப் பணம் எங்கே போறது?" நியாயமான கவலைதான், தள்ளிவிடவில்லை. ஆனால் இதே கவலையால் ஒரு ஊர் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஜப்பானில் மினமாட்டா என்று கடலோர ஊர். சிஸ்ஸோ என்ற ரசாயனக் கம்பெனி 1932-லிருந்து பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. முதலில் மீன் தின்ற பூனைகள் கிறுக்குப் பிடித்த மாதிரி சுழன்று விழுந்து செத்தன. பிறகு மனிதர்கள். 1956 மே மாதம் இது புது நோய் என்று பதிவானது. 1959-ல் கம்பெனியின் ஆஸ்பத்திரி டாக்டரே ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனைக்கு அதே நோய் வந்தது. கம்பெனி அதை வெளியே சொல்லவில்லை. அந்த வருஷக் கடைசியில் நோயாளிக் குடும்பங்களிடம் ஒரு சிறு தொகையைக் கொடுத்து, "இனிமேல் கேட்கமாட்டோம்" என்று எழுதி வாங்கியது. வறுமையில் இருந்தவர்கள், கையெழுத்துப் போட்டார்கள். ஆலை மேலும் பல ஆண்டு கழிவை விட்டது. 1968-ல்தான் அரசாங்கம் ஆலைக் கழிவே காரணம் என்று ஒத்துக்கொண்டது. 1973-ல் நீதிமன்றம் அந்தக் கையெழுத்து ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லி, இழப்பீடு கொடுக்க உத்தரவு போட்டது. நோய் என்று அரசு சான்று கொடுத்தவர்கள் மட்டும் 2,000 பேருக்கு மேல். வளைகுடாச் சேற்றைத் தோண்டி எடுக்கும் வேலை 1977-ல் தொடங்கி 1990 வரை நடந்தது. அங்கே போட்ட தடுப்பு வலையை 1997-ல்தான் எடுத்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வருஷ ஏலப் பணம் பெரிசா, ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பெரிசா? கண்மாய் வண்டலைத்தான் நாம் வயலுக்கு அள்ளிப் போடுகிறோம். சேற்றில் விஷம் புகுந்தால் வயலுக்கும் வரும். வந்தபின் எடுப்பது நம் கையில் இல்லை.

கொடைக்கானலிலும் சும்மா எதுவும் கிடைக்கவில்லை. தொழிலாளர் உடல்நலத்துக்கு ஆலையால் கெடுதி இல்லை என்றே கம்பெனி சொல்லிவந்தது. வேலை பார்த்தவர்கள் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றம் ஏறினார்கள். ஆலை மூடிப் பதினைந்து வருஷம் கழித்து, 2016-ல்தான் 591 பேருக்குக் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆனது. விடாமல் நின்றார்கள், ஒப்பந்தம் வந்தது.

சட்டம் நம் பக்கம் இருக்கு

நீரை அசுத்தம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. கெடுத்தவனே செலவு செய்து சரிசெய்ய வேண்டும் என்று வேலூர் தோல் ஆலை வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருப்பூர் சாயக் கழிவால் நொய்யல் கெட்டு, ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையாகிப் போனபோது, வழக்குப் போட்டவர்கள் நம்மைப் போன்ற ஆயக்கட்டு விவசாயிகள்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மினமாட்டா பெயரிலேயே உலக நாடுகள் போட்ட பாதரச ஒப்பந்தத்தை 2018-ல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது.

"சோதனை செய்ய ஆள் இல்லை" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகமும் இங்கேதான். வேதியியல் படித்தவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமா? கூப்பிட மனசு வேண்டும், அவ்வளவுதான்.

நம் கோரிக்கைகள்:

1. கழிவு கொட்டிய வரத்துக்காலின் மண், கண்மாய்ச் சேறு, மீன் மூன்றையும் ஊர்க்காரர்கள் முன்னிலையில் எடுத்துச் சோதிக்க வேண்டும். முடிவு வரும்வரை மீன்பாசி ஏலத்தை நிறுத்தி வைக்க வேண்டும்.

2. முடிவைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும், கிராம சபையில் படிக்க வேண்டும்.

3. ஏலம் நின்றால் ஊருக்கு ஏற்படும் நஷ்டத்தையும், அள்ளிச் சுத்தம் செய்யும் செலவையும் கழிவைக் கொட்டியவரிடமே வசூலிக்க வேண்டும்.

4. எந்த ஆலையிலிருந்து என்ன கழிவு, எந்த வண்டியில், எங்கே போகிறது என்ற பதிவேட்டை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

5. நம் மாவட்டத்துக் கண்மாய்களில் ஆண்டுக்கு ஒரு முறை சேற்றையும் மீனையும் சோதிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. இரவில் லாரி வந்தால் வண்டி எண், தேதி, நேரம் குறித்து வையுங்கள், செல்போனில் படம் எடுங்கள். கொட்டியதைக் கையால் தொடாதீர்கள், பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். உடைந்த டியூப் லைட்டையும் பழைய தெர்மாமீட்டரையும் ஊரணியில் எறியாதீர்கள், அவற்றிலும் பாதரசம் உண்டு. கொடுத்த மனுவுக்குப் பதில் வரவில்லை என்றால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். மனு எழுதச் சங்கம் துணைக்கு வரும். வருகிற கிராம சபையில் வீட்டுக்கு ஒருவர் வந்து கையைத் தூக்கித் தீர்மானம் போடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், ஊத்தாவையும் வலையையும் தோளில் போட்டுக்கொண்டு எல்லாரும் தாலுகா அலுவலக வாசலில் உட்காருவோம்.

மடையும் கலுங்கும் கட்டி முன்னோர் விட்டுப்போன கண்மாய். கெடாமல் பிள்ளைகள் கையில் கொடுப்பது நம் கடமை. திரண்டு வாருங்கள்!

சோதிக்காமல் ஏலம் விடாதே!
கொட்டியவனே அள்ளட்டும்!
கண்மாயைக் காப்போம்! விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!