கல் படுக்கை கேட்கும் கேள்வி



பழந்தலப் பயணத்தால் பெரிதும் கிடைப்பது தத்துவத் தெளிவா, கண்ணுக்கு விருந்தா? தத்துவத் தெளிவே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "தத்துவம் நூலில் இருக்கிறது. அதற்கு எதற்குப் பஸ் ஏறவேண்டும்?" பதில் வேண்டுமா? புதுக்கோட்டையில் பஸ் ஏறிச் சித்தன்னவாசல் வாருங்கள்.

அங்கே குன்றின் மேல் ஏழடிப்பட்டம் என்றொரு குகைத்தளம். சமண முனிவர்களுக்காகப் பாறையிலேயே வழவழவென்று செதுக்கிய 17 படுக்கைகள். தலையணையும் பாறைதான். ஒரு படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்து. ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை. துறவைப் பற்றி நூலில் படித்துக் கடந்துவிடலாம். வெயிலில் மலையேறி, மூச்சு வாங்க அந்தப் படுக்கைகள் முன் நின்றால் அப்படிக் கடக்க முடியாது. ஓர் ஆள் கிடக்க எவ்வளவு இடம் போதும் என்று கண் அளந்துவிடும். வீட்டுக் கட்டிலும் பீரோவும் நிரம்பி வழியும் பரணும் நினைவுக்கு வரும். "இவ்வளவும் எனக்கு எதற்கு?" என்று மனசு கேட்கும். நாமே நம்மைக் கேட்கும் கேள்வியில்தானே ஐயா தத்துவம் பிறக்கிறது!

"அது துறவிகள் இடம். அரசன் கட்டிய கோயிலில் அவன் பெருமைதானே தெரியும்?" என்றார் அடுத்தவர். கங்கைகொண்ட சோழபுரம் போவோம். முதலாம் இராசேந்திரன் அமைத்த தலைநகர். சுமார் 250 ஆண்டுகள் சோழ ஆட்சியின் மையம். கோயிலை அண்ணாந்து பார்த்துவிட்டு மாளிகைமேட்டுக்கு வாருங்கள். அரண்மனை இருந்த இடத்தில், அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் அடித்தளங்களே மிச்சம். கோயிலிலோ இன்றும் பூசை நடக்கிறது. "கோயில் கல், அரண்மனை செங்கல், அவ்வளவுதான்" என்பீர்கள். சரி, கல்லை எங்கே வைப்பது, செங்கல்லை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர்கள் யார்? தாம் வாழும் வீட்டைவிட எது நெடுநாள் நிலைக்கவேண்டும் என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. இரண்டு இடத்திலும் நடந்து பார்த்தவனுக்கு அந்தத் தெளிவு உறைக்கும்.

"செல்ஃபி எடுத்துத் திரும்புகிறவர்களே அதிகம்" என்றார்கள். உண்மைதான். நூலகத்தில் தூங்குகிறவரைக் காட்டி, நூலால் பயனில்லை என்று சொல்வோமா?

நடுவர் அவர்களே, கண்ணுக்குக் கிடைத்த விருந்து போட்டோவோடு முடிந்துவிடும். நாளை கடையில் தேவையற்ற ஒரு பொருளை எடுக்கும்போது, கல் படுக்கையைப் பார்த்து வந்தவனின் கை சற்றுத் தயங்குமே, அந்தத் தயக்கம் காட்சி தந்ததா, தத்துவம் தந்ததா? வாழ்க்கையைத் தொடுவது எதுவோ, அதன் பக்கமே தீர்ப்புச் சொல்லுங்கள்.