வாலை ஒட்ட நறுக்கும் முன்



போன மாதம் ஒருநாள் விடிகாலையில் மண்டபம் ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தேன். கடலுக்குப் போன படகுகள் கரை திரும்பிய நேரம். மீனைக் கொட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நண்டு ஒரு பக்கம், கணவாய் ஒரு பக்கம், விலைபோகாத காரல் பொடி ஒரு பக்கம். அந்தக் காரல் பொடியை நம்பி நாலைந்து நாய்களும் வந்திருந்தன.

வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தாள் அவருடைய பேத்தி. ஏழெட்டு வயது இருக்கும். நாய்கள் அவளைப் பார்த்ததும் ஓடிவந்தன. வாலை வீசிக்கொண்டு வந்தவற்றைக் கண்டு அவள் பயப்படவே இல்லை. கடைசியாக ஒரு செவலை நாய் வந்தது. அதற்கு வால் இல்லை. வால் இருக்கவேண்டிய இடத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு முண்டு. அதைப் பார்த்ததும் பிள்ளை “தாத்தா!” என்று அலறிப் பின்வாங்கினாள்.

பெரியவர் வலையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: “பயப்படாத தாயி. யாரோ புண்ணியவான் வாலை வெட்டிவிட்டிருக்கான். அதுக்கு ஆட்ட வால் இல்ல. இடுப்பைப் பாரு, இடுப்பை ஆட்டுது பாரு.”

பார்த்தேன். உண்மைதான். அந்த நாயின் பின்பாதி முழுவதும் இப்படியும் அப்படியும் வளைந்துகொண்டிருந்தது. ஒரு வால் செய்யவேண்டிய வேலையை உடம்பே செய்துகொண்டிருந்தது. இன்றைய பேச்சு அந்த முண்டைப் பற்றியதுதான். நாயின் வாலை நாம் வெட்டலாமா?

தமிழில் வாலுக்கு அவ்வளவாக மரியாதை கிடையாது. சேட்டை செய்கிற பிள்ளை ‘வாலு’. நம்மிடம் வம்புக்கு வருகிறவனை ‘வாலாட்டாதே’ என்கிறோம். மீறினால் ‘வாலை ஒட்ட நறுக்கிவிடுவேன்’ என்று மிரட்டுகிறோம். இத்தனைக்கும் மண்டபம் ராமேசுவரத்துக்கு வாசற்படியான ஊர். இலங்கையை எரித்ததே ஒரு வால்தான் என்று கதை கேட்டு வளர்ந்த கரை! ஆனாலும் பேச்சில் நறுக்குவது போதாதென்று, கத்தியாலும் நறுக்கிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கிராமத்து வகை. நான் சிறுவனாக இருந்தபோது வீட்டுக்கு ஒரு நாட்டு நாய்க்குட்டி வந்தது. மணி என்று பெயர் வைத்தோம். “வாலை எடுத்துவிட்டால்தான் வீரமா வளரும்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வாசற்படிக் கல்லில் வாலை வைத்து, அரிவாளால் ஒரே போடு. மஞ்சளும் அடுப்புச் சாம்பலும் குழைத்து அப்பினார். அன்று ராத்திரி முழுக்க அது முனகியது இன்னும் காதில் இருக்கிறது. சரி, வீரமாவது வந்ததா? மணி எல்லா நாயையும் போலத்தான் வளர்ந்தான். ஒரே ஒரு வித்தியாசம். தலையைத் தடவலாம், கழுத்தைத் தடவலாம். பின்பக்கம் கை போனால் மட்டும் சுருக்கென்று திரும்பிப் பல்லைக் காட்டுவான். அதைத்தான் நாங்கள் வீரம் என்று சொல்லிக்கொண்டோம். அறுபட்ட நரம்பின் முனை முடிச்சாகத் திரண்டு, தொட்டாலே வலிக்கக்கூடும் என்று ஒரு கால்நடை மருத்துவர் சொல்லிப் பின்னாளில் தெரிந்துகொண்டேன். அவன் காட்டியது வீரமா வலியா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

இன்னொன்று பட்டணத்து வகை. டாபர்மேன், ராட்வைலர், பாக்சர், காக்கர் ஸ்பானியல் போன்ற வெளிநாட்டு இனங்கள். குட்டி பிறந்த மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள், கண் திறக்கும் முன்பே, வாலைக் கத்தரித்துவிடுவார்கள். அல்லது இறுக்கமான ரப்பர் வளையம் மாட்டி, ரத்த ஓட்டம் நின்று வால் தானாக விழும்படி செய்வார்கள். பல இடங்களில் மயக்க மருந்தும் கிடையாது. “அந்த வயசில் வலி தெரியாது” என்பது வழக்கமான சமாதானம். பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்று சொல்லி, 1980கள் வரைகூட மேலைநாட்டு மருத்துவமனைகளில் போதிய வலிமருந்து இல்லாமல் அறுவைசிகிச்சை செய்தார்கள். பிறகுதான் அது தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். குழந்தை விஷயத்தில் திருத்திக்கொண்ட கணக்கை நாய்க்குட்டி விஷயத்தில் இன்னும் திருத்தாமல் வைத்திருக்கிறோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? இது மிகப் பழையது. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் கொலுமெல்லா என்றொருவர் வேளாண்மை நூல் எழுதினார். குட்டி பிறந்து நாற்பது நாள் ஆனதும் வால்நுனியைத் துண்டித்து, உள்ளே இருக்கும் நரம்பை இழுத்து எடுத்துவிட்டால் நாய்க்கு வெறி பிடிக்காது என்பது அவர் குறித்துவைத்த நம்பிக்கை. வெறிநாய்க்கடிக்கு மருந்தே இல்லாத காலம். பயந்தவர்கள் எதைச் சொன்னாலும் செய்திருப்பார்கள். 1885இல் லூயி பாஸ்டர் பாரிசில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி போட்டார். 1907இல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் ஆய்வகம் வந்துவிட்டது. வெறிநோயைத் தடுப்பது ஊசிதான் என்று தெரிந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவ வேண்டும். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய்க்கும் வருடாவருடம் ஊசி போடவேண்டும். இதில் வாலுக்கு ஒரு வேலையும் இல்லை.

ஆனால் நாய்க்கு வாலில் நிறைய வேலை இருக்கிறது. வால் என்பது ஒட்டவைத்த அலங்காரம் கிடையாது. அது முதுகெலும்பின் தொடர்ச்சி. எலும்பு, தசை, நரம்பு எல்லாம் அதற்குள் ஓடுகிறது. கடல் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தையில் சொன்னால், அது சுக்கான். ஓடுகிற நாய் சட்டென்று திரும்பும்போது வாலை வீசி உடம்பைச் சரிகட்டும். நம்முடைய சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் முயலைத் துரத்தும்போது பாருங்கள். சாட்டை மாதிரி அந்த வால் செய்கிற வேலை தெரியும். அந்த வாலை வெட்டினால் அந்த இனத்தின் அழகே போய்விடும் என்று அவற்றை வளர்க்கிறவர்களே சொல்வார்கள். 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்று நம் ராஜபாளையம். அதன் பெருமையிலும் நீண்டு வளைந்த வாலுக்குப் பங்கு உண்டு.

சுக்கானைவிடப் பெரிய வேலை, பேச்சு. 2007இல் இத்தாலி நாட்டு ஆய்வாளர்கள் முப்பது நாய்களைக் கேமரா வைத்துக் கவனித்தார்கள். தன்னை வளர்க்கிறவரைப் பார்த்தபோது நாயின் வால் அதன் வலப்பக்கமாகவும், முன்பின் அறியாத முரட்டு நாயைப் பார்த்தபோது இடப்பக்கமாகவும் கூடுதலாக ஆடியது. கனடாவில் விக்டோரியா பல்கலைக்கழகத்தினர் இன்னும் விநோதமான ஒன்றைச் செய்தார்கள். ஒரு பொம்மை நாய்க்கு ஒருமுறை நீள வாலும் ஒருமுறை குட்டை வாலும் மாட்டி மற்ற நாய்களின் நடுவில் விட்டார்கள். நீள வால் ஆடினால் நாய்கள் நம்பி அருகே வந்தன. ஆடாமல் விறைத்திருந்தால் தயங்கின. குட்டை வால் மாட்டியபோது அது ஆடினாலும் ஒன்றுதான், ஆடாவிட்டாலும் ஒன்றுதான். வந்த நாய்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

ஜெட்டியில் அந்தப் பிள்ளை அலறியதற்கும் இதுதான் காரணம். வீரம் வரட்டும் என்று வாலை வெட்டுகிறவர் உண்மையில் செய்வது என்ன? ‘நான் நல்லவிதமாகத்தான் வருகிறேன்’ என்று சொல்லும் வாயை அடைக்கிறார். ‘கிட்டே வராதே, கடித்துவிடுவேன்’ என்று முன்கூட்டியே எச்சரிக்கும் வாயையும் சேர்த்தே அடைக்கிறார். அதனால் நாய்க்கு மட்டுமா நஷ்டம்? தெருவில் நடக்கிற நமக்கும்தான்.

வெட்டுவது சரி என்பவர்களின் பக்கத்தையும் கேட்போம். புதரிலும் முள்ளிலும் வேலை செய்கிற வேட்டை நாய்களுக்கு வால் அடிபட்டுப் புண்ணாகும், அதைத் தவிர்க்கவே வெட்டுகிறோம் என்கிறார்கள். சில இனங்களுக்கு இது ஓரளவு உண்மை. அதனால்தான் 2007இல் முழுத்தடை கொண்டுவந்த ஸ்காட்லாந்து, 2017இல் வேட்டைக்குப் போகிற சில இனங்களுக்கு மட்டும் தடையைத் தளர்த்தியது. ஆனால் பொதுவாகப் பார்த்தால்? பிரிட்டனில் 2010இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று சொல்கிறது: ஒரே ஒரு நாயின் வாலில் காயம் வராமல் தடுக்க, சுமார் 500 நாய்களின் வாலை வெட்டவேண்டியிருக்கும். வாசலில் கட்டிப்போட்ட டாபர்மேன் எந்தப் புதரில் நுழையப்போகிறது? டாபர்மேனின் சொந்த நாடான ஜெர்மனியே 1998இல் வால் வெட்டுவதைத் தடைசெய்துவிட்டது. நார்வே 1987இலேயே செய்துவிட்டது. பிறந்த வீட்டிலேயே கைவிட்ட ஃபேஷனை நாம் ஏன் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது? 1960ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விலங்கின் உறுப்பைச் சிதைப்பதைக் கொடுமை என்கிறது. அதே பிரிவு சில விலக்குகளையும் தருகிறது: மாட்டுக்குக் கொம்பு நீக்குவது, காயடிப்பது, சூடு போடுவது, மூக்கணாங்கயிறு குத்துவது. உழவோடு வாழ்ந்த நாட்டுக்கு இவை தேவைப்படும் என்று பட்டியல் போட்டவர்கள், நாய் வாலை அதில் சேர்க்கவில்லை. 2011இல் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில், அழகுக்காக வால் வெட்டுவதும் காது வெட்டுவதும் உறுப்புச் சிதைப்பே என்று கடிதம் அனுப்பியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2013இல் நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ரத்துசெய்தது. கடிதம் போனாலும் சட்டத்தின் 11ஆம் பிரிவு அங்கேயே இருக்கிறது. அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். இந்தக் காலத்தில் ஒரு கிலோ நல்ல மீனுக்குக்கூடக் காணாத தொகை. ஆகவே சட்டம் வந்து கையைப் பிடிக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. வெட்டுகிற கை நம்முடையது, நாமே நிறுத்தினால்தான் உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா வெட்டும் ஒன்றல்ல. கருத்தடை செய்த தெருநாயின் காது நுனியில் சின்னதாக வெட்டி அடையாளம் வைக்கிறார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே செய்வது அது. அதே நாயை மறுபடி பிடித்து அறுக்காமல் இருப்பதற்காக. வாலில் புழு வைத்து அழுகிவிட்டால், அல்லது வண்டி ஏறி நசுங்கிவிட்டால், மருத்துவர் மயக்கமருந்து கொடுத்து எடுக்கத்தான் வேண்டும். அது வைத்தியம். அந்த வெட்டினால் நாய்க்கு நன்மை. அழகுக்கும் வீராப்புக்கும் வெட்டுவதில் நன்மை யாருக்கு என்று கேட்டுப்பார்த்தால் விடை தானே வந்துவிடும்.

மறுபடியும் ஜெட்டிக்கு வருகிறேன். தாத்தா சொன்னபடி அந்தப் பிள்ளை இடுப்பைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் தயங்கினாள். பிறகு ஒரு காரலை எடுத்து, கையை நீட்டாமல், தரையில் வைத்தாள். செவலை அதை எடுத்துக்கொண்டு, இடுப்பை வளைத்து வளைத்து ஆட்டிவிட்டுப் போனது. இனி அவளுக்கு அந்த நாயைத் தெரியும். ஆனால் அன்றைக்குப் பகலில் ராமேசுவரம் போகிற வழியில் பஸ்ஸை நிறுத்தி, பாம்பன் பாலம் பார்க்க வந்தவர்கள் டீக்கடை வாசலில் இறங்கினார்கள். செவலை அவர்களிடமும் ஓடியது. ‘இடுப்பைப் பாரு’ என்று சொல்ல அங்கே தாத்தா இல்லை. ஒருவர் குனிந்து கல்லை எடுத்தார்.

உங்கள் வீட்டுக்கு ஒரு குட்டி வந்து, “வாலை எடுத்துடலாமா?” என்று யாராவது கேட்டால், அந்தக் கல்லை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.