செவியும் கையும்
(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் பத்தாண்டுகளாக நாம் நிகழ்த்தியவை எல்லாம் செவியை நம்பியவை. கவியரங்கம் செவிக்கு விருந்து என்றோம். நல்ல பாடலைச் செவிச்செல்வம் என்றோம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அந்தச் செல்வம் வாய்க்காதவர்களைப் பற்றியது. காது கேளாதோரின் உட்செவியில் அறுவை மருத்துவத்தால் பொருத்தப்படும் காக்ளியர் கருவியைக் குறித்து, காது கேளாதோரே தமக்குள் மாறுபட்ட கருத்துகளைக் கொண்டிருக்கிறார்கள். மருத்துவர்கள் பேசவேண்டிய பொருளில் இலக்கிய வட்டத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். இது முதலில் மொழியைப் பற்றிய வழக்கு என்பது என் எண்ணம். ஆகவே நமக்கும் இதில் இடம் உண்டு.

குறுந்தொகையின் 58-ஆம் பாட்டிலிருந்து தொடங்குகிறேன். வெள்ளிவீதியார் பாடியது. வெயிலில் காய்ந்த பாறைமீது வெண்ணெய் உருகிப் பரவுகிறது. அதைக் காக்க அமர்ந்திருப்பவனுக்குப் பேச்சும் இல்லை, கையும் இல்லை. கண் மட்டுமே உண்டு. தன் காமநோய் அவ்வாறு பரவுகிறது என்கிறான் தலைவன். எடுத்து வைக்கக் கை இல்லை, பிறரைக் கூவி அழைக்க வாய் இல்லை என்று இதற்கு விளக்கம் சொல்வது வழக்கம். நான் ஒன்றைச் சேர்த்துப் படிக்கிறேன். பேச இயலாதவனுக்குக் கை இருந்தால் அந்தக் கையே நாவாகிவிடும். வழியில் போகிறவனை அவன் சைகையால் அழைத்திருப்பான். புலவர் கையையும் எடுத்துவிட்ட பிறகே அவனுடைய தனிமை முற்றுப்பெறுகிறது. பேச்சில்லாதவர் கையால் பேசுவர் என்பதை அறிந்த ஒருவராலேயே அப்படி ஓர் உவமையைக் கட்ட முடியும்.

ஆயினும் நம் மரபு முழுவதும் இத்தகைய நுட்பம் உடையது என்று சொல்வதற்கில்லை. புறநானூற்றின் 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் மக்கட் பிறப்பின் குறைகள் எட்டினை எண்ணும்போது பேச்சின்மையும் கேளாமையும் அவற்றுள் அடங்குகின்றன. கல்வியோடு கேள்வியைச் சேர்த்தே சொல்லிப் பழகிய மொழி நம்முடையது. திருக்குறளில் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. காது கேளாதவனுக்குக் கேள்வி எது என்னும் வினாவை நாம் எழுப்பிக்கொண்டதே இல்லை.

இனிக் கருவிக்கு வருவோம். 1957-இல் பாரிசில் ஜோர்னோ என்னும் உடலியல் அறிஞரும் எரியெஸ் என்னும் செவி மருத்துவரும் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டி ஒருவரை ஓசை உணரச் செய்தனர். 1961-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வில்லியம் ஹவுஸ் அடுத்த அடியை எடுத்து வைத்தார். பல மின்முனைகள் கொண்ட கருவியை மெல்போர்னில் 1978-இல் ஒருவருக்குப் பொருத்தியவர் கிரேம் கிளார்க். அவருடைய தந்தை காது மந்தமான மருந்துக் கடைக்காரர். உட்செவி நத்தை ஓடு போன்று சுருண்டது. அந்தச் சுருளுக்குள் மின்முனைக் கற்றையைச் சேதமின்றி நுழைப்பது எப்படி என்பது கிளார்க்கைப் பல நாள் வாட்டியது. 1977-இல் கடற்கரையில் அமர்ந்திருந்தபோது சுருள் சிப்பி ஒன்றில் புல் இதழைச் செருகிப் பார்த்தார். நுனி மென்மையாகவும் அடி விறைப்பாகவும் இருந்த புல் தடையின்றி உள்ளே சென்றது. வழி கிடைத்துவிட்டது. கவிஞர்கள் பொறாமைப்படத் தக்க கணம் இது.

கருவி செய்வது இதுதான். காதின் பின்னே அணியும் பகுதி ஓசையை வாங்கிப் பல அலைவரிசைகளாகப் பிரிக்கிறது. தோலைக் கடந்து உள்ளே இருக்கும் பகுதிக்கு வானொலி அலையால் அனுப்புகிறது. அங்கிருந்து மின்முனைகள் நரம்பைத் தூண்டுகின்றன. இயற்கைச் செவியில் ஓசையை நரம்புக்குக் கொடுக்கும் உள்மயிர்ச் செல்கள் ஏறத்தாழ 3,500. கிளார்க்கின் வழிவந்த கருவியில் மின்முனைகள் 22. ஆகவே இதனால் கேட்கும் ஓசை நாம் கேட்கும் ஓசை ஆகாது. பேச்சை அறிய அது பெரும்பாலும் போதும்; இசைக்குப் போதாது. இக்கருவி வழியாகத் தாளம் ஏறக்குறைய முழுமையாகச் சென்று சேர்கிறது, சுரத்தின் ஏற்ற இறக்கமோ மங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் கூறுகின்றனர். நம் சொற்களில் சொன்னால், சந்தம் போய்ச் சேரும். பண் வழியிலேயே தங்கிவிடும்.

அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் கோரோஸ்ட் 2001-இல் எஞ்சியிருந்த கேள்வியையும் இழந்து கருவி பொருத்திக்கொண்டவர். ராவெல் என்னும் இசைமேதையின் ‘பொலெரோ’ அவருக்கு உயிரான இசை. அதை மீண்டும் கேட்பதற்காகவே கருவியின் மென்பொருளை மாற்றி மாற்றி அலைந்த கதையை அவரே எழுதியிருக்கிறார். அவருக்குக் கருவி ஒரு மீட்சி. மொழியைச் செவிவழி பெற்றுப் பின்னர் இழந்தவர்களிடம் இதைப் பற்றிப் பெரிய சண்டை இல்லை. அவர்களிற் பெரும்பாலோர் அதை விரும்பி ஏற்கின்றனர்.

சண்டை பிறவியிலேயே கேளாத குழந்தைகளைப் பற்றியது. 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இதைப் பொருத்தலாம் என்று அமெரிக்க அரசு 1990-இல் இசைவளித்தது. மறு ஆண்டே அந்நாட்டின் காது கேளாதோர் தேசியச் சங்கம் அம்முடிவைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. வெளியிலிருந்து பார்ப்போர்க்கு இது விந்தையாகத் தோன்றும். மருந்தை வேண்டாம் என்னும் நோயாளி உண்டா என்பார்கள். அவர்கள் தம்மை நோயாளிகளாகக் கருதவில்லை என்பதே விடை. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதன் விளைவாகத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் கைகள் அடக்கப்பட்டன. சைகைமொழி இலக்கணம் உடைய முழுமொழி என்று வில்லியம் ஸ்டோக்கி நிறுவியது 1960-இல்தான். மிலான் தீர்மானங்களை அதே மாநாட்டின் வழிவந்தோர் வான்கூவரில் 2010-இல் கைவிட்டனர். இடையில் கழிந்தவை 130 ஆண்டுகள். அறுவைக் கத்தியில் அவர்கள் கண்டது அந்தப் பழைய தடையின் புதிய வடிவத்தை.

அந்தக் கண்டனம் அப்படியே நிலைத்துவிடவில்லை. 2000-இல் அதே சங்கம் தன் நிலையைத் தளர்த்தி, கருவியையும் பல வழிகளுள் ஒன்றாக ஏற்றது. அதே ஆண்டில் வந்த ஓர் ஆவணப்படம் ஆர்ட்டினியன் குடும்பத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அண்ணன் தம்பி இருவருள் ஒருவர் காது கேளாதவர், மற்றவர் கேட்பவர். கேளாதவரின் சிறுமகள் ஹெதர் கருவி வேண்டும் என்று கேட்கிறாள். நம் மொழியையும் நம் மக்களையும் விட்டுப் போய்விடுவாள் என்று பெற்றோர் மறுக்கின்றனர். கேட்கும் தம்பியின் வீட்டில் பிறந்த கேளாக் குழந்தைக்கோ கருவி பொருத்தப்படுகிறது. ஒரே குடும்பம் இரண்டாகப் பிளந்து நிற்பதைப் பார்க்கிறோம். சில ஆண்டுகளுக்குப் பின் ஹெதர் தன் 9-ஆம் வயதில் கருவி பெற்றாள். பிறகு அவளுடைய தாயும் பெற்றுக்கொண்டார். வளர்ந்த ஹெதர் சைகையையும் பேச்சையும் இரண்டையும் வைத்துக்கொண்டார். எந்தத் தரப்பு வென்றது என்று அந்தக் குடும்பத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது.

வாழ்க்கைத் தரம் உயர்கிறதா என்று அளப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கனடாவில் உருவாகிப் பல நாடுகளில் பயன்படும் உடல்நல அளவுகோல் ஒன்று மனித நலத்தை எட்டுக் கூறுகளாகப் பகுக்கிறது. அவற்றுள் கேள்வியும் ஒன்று, பேச்சும் ஒன்று. (சாத்தனாரும் எட்டு என்றுதான் எண்ணினார்!) மதிப்பெண்கள் பொதுமக்களைக் கேட்டு வகுக்கப்பட்டவை. அப்படியாயின், நல்ல தொழிலும் நிறைந்த குடும்பமும் நண்பர் கூட்டமும் உள்ள காது கேளாதவர் ஒருவர், தம்மளவில் எந்தக் குறையும் உணராதவராயினும், அந்தக் கோலின்படி முழு மதிப்பெண் பெறவே முடியாது. கருவி வைத்தவுடன் மதிப்பெண் ஏறும். ஏறியது வாழ்க்கையா, கோலின் ஒரு கூறா என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. மறுபுறம், கருவி பெற்று வளர்ந்த பிள்ளைகளை நேரில் கேட்ட ஆய்வுகள் பலவற்றில், அவர்கள் கேட்கும் பிள்ளைகளைப் போன்றே தம் வாழ்வை நிறைவாக மதிப்பிட்டிருக்கின்றனர். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இவை எல்லாம் அயல்நாட்டுச் செய்திகள் என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவையைக் கட்டணமின்றிச் செய்கிறது. நடுவணரசின் உதவிக் கருவித் திட்டத்தில் 2014-இல் ஒரு குழந்தைக்கு 6 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கப்பட்டது. ஏழைக் குழந்தைக்கு இவ்வளவு பெரிய செலவை அரசு ஏற்பது சிறிய செய்தி அன்று. அதை நான் முழுமனத்தோடு பாராட்டுகிறேன்.

ஆனால் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூரில், பிறவியில் கேளாத குழந்தை ஒன்றை எண்ணிப் பாருங்கள். பேச்சு வரவில்லையே என்று தாய் ஐயப்படுவதற்கே 2 அல்லது 3 ஆண்டுகள் ஆகலாம். கருவியின் பயனோ வயது குறைவாக இருக்கும்போதே மிகுதி. கடைசியில் அறுவை நடந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அது தொடக்கம்தான். கருவியை அவ்வப்போது அளவுதிருத்த வேண்டும். செவிவழிப் பேச்சுப் பயிற்சி ஆண்டுக்கணக்கில் வேண்டும். ஒவ்வொரு முறையும் மலையிறங்கிக் கச்சிராயபாளையம் வந்து, அங்கிருந்து பெருநகரப் பேருந்து ஏற வேண்டும். ஒரு நாள் கூலி போகும். சாமையும் மரவள்ளியும் கைகொடுக்காத மாதங்களில் பெற்றோர் வேறு மாநிலத் தோட்ட வேலைக்குப் போவர். குழந்தை பாட்டியிடம் இருக்கும். மழைக்காலத்து ஈரம் கருவிக்கு ஆகாது. மின்கலம் தீரும், மெல்லிய கம்பி அறுந்துபோகும். உள்ளே வைத்தது உள்ளேயே இருக்க, வெளிப்பகுதி பெட்டிக்குள் போய்விட்டால் அந்தக் குழந்தைக்கு ஓசை இல்லை. அதற்குள் 7 வயது ஆகியிருக்கும்.

என் கவலை இங்கேதான். கருவியை நம்பி அந்தக் குழந்தைக்குச் சைகைமொழியும் கற்பிக்கப்படாமல் போகிறது. கையைப் பயன்படுத்தினால் வாய் சோம்பிவிடும் என்று பயிற்சியாளர் பலர் நெடுங்காலமாகப் பெற்றோரை எச்சரித்து வந்திருக்கின்றனர். இதில் ஆய்வாளரும் ஒருமுகமாக இல்லை. காது கேளாத பெற்றோரிடம் பிறந்தது முதல் சைகைமொழி பயின்று, கருவியும் பெற்ற குழந்தைகள் பேச்சில் பின்தங்கவில்லை என்று 2014-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. சைகை பழகாத குழந்தைகளே பேச்சில் முந்துகின்றனர் என்று 2017-இல் மற்றொன்று வந்தது; அதில் இருந்தவர்கள் சைகையைத் தாமே அரைகுறையாகக் கற்ற, கேட்கும் பெற்றோரின் பிள்ளைகள். எது சரியாயினும், அந்த அளவைகள் பயிற்சி நிலையம் எட்டும் தொலைவில் இருக்கும் குழந்தைகளைப் பற்றியவை. மலைக் குழந்தைக்குக் கருவி நின்றுபோனால் தமிழும் இல்லை, சைகையும் இல்லை. எந்த மொழியும் இன்றி முதல் ஏழாண்டு கழிந்தால் பின்னர் எந்த மொழியும் முழுதாக வந்து அமைவதில்லை. கேளாமை அந்தக் குழந்தையோடு பிறந்தது. மொழியின்மையை நாம் உண்டாக்கிக் கொடுக்கிறோம். வெண்ணெயைக் காக்க அமர்ந்தவனின் கையை எடுத்துவிட்டது போன்றது இது. கருவியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கருவியோடு கையையும் கொடுங்கள் என்கிறேன்.

அதற்குச் சட்டத் துணையும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகைமொழியை ஏற்கிறது. இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015-இல் டெல்லியில் அமைந்தது. 2018-இல் 3,000 சொற்களோடு வந்த அதன் அகராதி 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்தது.

இங்கே கவிஞர்களுக்கு ஒரு செய்தி. அந்த மொழிகளில் கவிதையும் உண்டு. பிரிட்டனின் டோரதி மைல்ஸ், அமெரிக்காவின் கிளேட்டன் வாலி ஆகியோர் கையால் கவி புனைந்து புகழ்பெற்றவர்கள். நாம் எழுத்தால் எதுகை அமைப்பதுபோல் அவர்கள் கைவடிவத்தால் அமைக்கின்றனர். விரித்த ஐந்து விரல் ஒரு சொல்லில் மரமாகும். அதே வடிவம் வேறிடத்தில், வேறு அசைவில், வேறொரு பொருளாகும். வடிவம் திரும்பத் திரும்ப வரும்போது கண்ணுக்கு மோனை கிட்டுகிறது. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் இரண்டு செய்திகளைச் சொல்ல வல்லவை. நம் வாய்க்கு அது இயலாது. கருவியைக் கண்டு சிலர் ஏன் அஞ்சினார்கள் என்பது இதைக் கண்ட பின்னரே எனக்கு விளங்கியது. கற்கப் பிள்ளைகள் வராவிட்டால் ஒரு மொழியும் அதன் கவிதையும் ஒரே தலைமுறையில் முடிந்துபோகும். மொழி அழிவு என்றால் என்ன என்பதைத் தமிழர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியவை இரண்டைச் சொல்லி அமர்கிறேன். சிறுவங்கூரில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்துக்குக் கிடைத்த பேறு. காது கேளாக் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர் என்பது அமெரிக்கக் கணக்கு. நம் ஊரிலும் பெரும்பாலான பெற்றோர் காது கேளாத பெரியவர் ஒருவரோடு ஒரு முறைகூட உரையாடாமலே முடிவெடுக்கின்றனர். பெற்றோருக்கு அறிவுரை கூறும் அறையில் மருத்துவரோடு, வளர்ந்து வாழ்ந்து காட்டிய காது கேளாதவர் ஒருவரும் அமரவேண்டும் என்று நம் வட்டத்தின் சார்பில் விண்ணப்பிக்கலாம். கருவி பெற்றவர் ஒருவர், பெறாதவர் ஒருவர் என இருவராயின் இன்னும் நன்று.

மற்றொன்று அடுத்த ஆண்டுக் கவியரங்கம். சைகைமொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைப்போம். அவர் மேடையின் ஓரத்தில், விளக்கு நன்றாக விழும் இடத்தில் நிற்கவேண்டும். பின்னால் வண்ணத் திரை கூடாது. முன்வரிசை இருக்கைகளைக் காது கேளாதோருக்கு விட்டுவிட வேண்டும். கவிதைகளை ஒரு வாரம் முன்னதாகவே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும். சிலேடை எழுதுகிறவர்கள் மட்டும் ஒரு நாள் அவரோடு அமர்ந்து விளக்க வேண்டியிருக்கும்.