வாசித்தலும் பயன் சொல்லுதலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரை)



வாசிப்பதை விளங்கிக்கொள்ளப் பிள்ளைகளை எங்ஙனம் பழக்கலாம் என்பது பற்றிப் பேசும்படி பணிக்கப்பட்டோம். பாடசாலையிலே இதற்குக் கிரகித்தல் என்று பெயர். ஒரு பந்தியைக் கொடுத்து, அதன் கீழே ஐந்தாறு வினாக்கள் கேட்பார்கள். பிள்ளை விடை எழுதும், புள்ளியும் கிடைக்கும். விளங்கித்தான் எழுதியதா என்பது வேறு விடயம்.

ஒரு வேடிக்கை செய்து பார்ப்போம். ‘குமுலன் சிலுவத்தைப் பறுவினான்.’ இச்சொற்களுக்குப் பொருளே இல்லை, நாமே கட்டியவை. ஆயினும், குமுலன் எதைப் பறுவினான் என்று கேட்டால், மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ‘சிலுவத்தை’ என்று விடை சொல்லும். முழுப் புள்ளி! வினாவிலுள்ள சொல்லைப் பந்தியிலே தேடிப்பிடித்து, அந்த வரியைப் பார்த்து எழுதும் வித்தையைப் பிள்ளைகள் வெகு விரைவிலே கற்றுக்கொள்கிறார்கள். பரீட்சை மண்டபத்திலே அது ஓரளவு கைகொடுக்கும். பின்னொரு நாள் காணி உறுதியையோ கடன் பத்திரத்தையோ கையிலே வைத்துக்கொண்டு விழிக்கும்போதுதான் குறை வெளிப்படும். கையொப்பம் வைத்த பின் விளங்கி ஆவதென்ன?

நமது முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தனர். அது புராணபடனம். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராணம், பெரியபுராணம் என்பனவும், மார்கழித் திருவெம்பாவைக் காலத்திலே திருவாதவூரடிகள் புராணமும் படிக்கப்படுவதைப் பெரியோர்கள் அறிவர். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் பயன் சொல்லுவார். பயன் சொல்லுகிறவர் சந்தி பிரிப்பார்; எழுவாயைத் தேடிப் பயனிலையோடு சேர்ப்பார்; சொற்பொருள் சொல்லி, அதன் பின்னரே கருத்துக்கு வருவார். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களையுடைய கந்தபுராணத்தை, எழுத்தறியாத கமக்காரனும் இந்த வழியாலேயே அறிந்திருந்தான். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்து வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று அழைத்தது வெறும் புகழ்ச்சியன்று. நமது உடுப்பிட்டியிலே பிறந்த சிவசம்புப் புலவரும் செய்யுள் இயற்றியதோடு நில்லாது, பழைய நூல்களுக்கு உரையும் எழுதினார். உரை எழுதுவதும் பயன் சொல்லுவதும் ஒரே தொழில்தான்.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் இத்தொழிலைக் கோயிலிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். 1847ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கம் தொடங்கியவர், மறு ஆண்டிலே அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிள்ளைகள் கையிலே கொடுக்கப் பாலபாடங்களை அச்சிட்டார். பெரியபுராணத்தை 1852இலே வசனமாக்கினார். தமிழ் வசனத்திலே நிறுத்தக் குறியீடுகளை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் அவரே முதன்மையானவர். ஒரு காற்புள்ளி என்ன செய்துவிடும் என்று நகைப்பவர்கள், அது இல்லாத பழைய ஏடொன்றை எடுத்து வாசித்துப் பார்க்கட்டும்.

இனி வீட்டிலே செய்யத்தக்கதைச் சொல்லுவோம். இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். ‘மழை பெய்தும் கிணறு நிறையவில்லை. ஆகையால் கந்தையர் இம்முறை வெங்காயம் வைக்கவில்லை.’ கிணறு நிறைந்ததா என்று கேட்பது வீண். அது குமுலன் கேள்வி. ‘மழை பெய்தால் கிணறு நிறையும் என்று முன்பு எண்ணியிருந்தார்களா? அதை எந்த இடத்திலே கண்டாய்?’ என்று கேளுங்கள். பிள்ளை தேடும், ‘பெய்தும்’ என்பதிலுள்ள ‘உம்’ அகப்படும். ஏமாற்றம் முழுவதும் அந்த ஓர் இடைச்சொல்லிலே கிடக்கிறது. அடுத்து, கிணற்றுக்கும் வெங்காயத்துக்கும் என்ன தொடர்பு என்று கேளுங்கள். அதற்கு விடை பந்தியிலே இல்லை. தோட்டத்திலே இறைப்புக்குத் தண்ணீர் மாறி நின்ற பிள்ளை உடனே சொல்லும். தோட்டம் காணாத பிள்ளை தயங்கும். அது பிள்ளையின் மந்தம் அன்று. ஆதலால், வாசிக்கமுன் ஐந்து நிமிடம் அப்பொருளைப் பற்றிப் பேசிவிட்டு வாசிக்க விடுவது நன்று. எழுதியவர் எழுதாமல் விட்டதை வாசிப்பவரே கொண்டுவர வேண்டியிருக்கிறது.

புராணபடனத்திலே ஒரு குறையும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. பயன் சொல்லுகிறவர் என்றும் பெரியவரே. பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள், சிலர் தூங்கியும் விடுவார்கள். அமெரிக்காவிலே பலிங்சார், பிரவுன் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் 1984இலே வெளியிட்ட ஆய்வு இவ்விடத்திலே நமக்கு உதவும். எழுத்துக் கூட்டி நன்றாய் வாசித்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வாசித்த பகுதியைச் சுருக்கிச் சொல்லுதல், அதிலிருந்து ஒரு வினா எழுப்புதல், விளங்காத இடத்தைத் தெளிவித்தல், அடுத்து வருவதை ஊகித்தல் ஆகிய நான்கையும் முதலிலே ஆசிரியர் செய்து காட்டினார். பின்பு மாணவர்கள் முறைவைத்து ஆசிரியர் இடத்திலே இருந்து செய்தார்கள். அவர்களுடைய விளக்கம் தெளிவாக உயர்ந்தது. இதை நம்மிடமிருந்துதான் எடுத்தார்கள் என்று மார்தட்ட வேண்டாம். அவர்கள் தம் வழியிலே கண்டது அது. ஆயினும், கேட்டதைச் சிந்தித்தலையும், உடன் பயில்வோரோடு பழகுதலையும், வினாவுதலையும், வினாவியதற்கு விடையிறுத்தலையும் மாணாக்கனுக்கு நன்னூலார் விதித்திருப்பதை நாம் ஏன் மறந்தோம் என்று கேட்கலாம் அன்றோ?

பயன் சொல்ல வல்ல பெரியோர் ஊருக்கு ஊர் குறைந்து வருகின்றனர். சில இடங்களிலே செய்யுளை வாசிப்பதோடு படனம் முடிந்துவிடுகிறது. கண் வாசிக்கிறது, கருத்து வெளியே நிற்கிறது. பாடசாலைப் பிள்ளையின் நோயும் கோயிலின் நோயும் ஒன்றாய்விட்டன.

ஆதலால் நமது சங்கம் ஒரு சிறு முயற்சி செய்யத் துணிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளிலே பூசை முடிந்த பின் அரைமணி நேரம். பாலபாடத்திலிருந்தோ அன்றைய பத்திரிகையிலிருந்தோ ஒரு பந்தி. இயன்றால் ஒரு செய்யுள். ஒரு பிள்ளை வாசிக்க, மற்றொரு பிள்ளை பயன் சொல்லும். அடுத்த வாரம் அவர்கள் இடம் மாறுவார்கள். பிழைத்தால் உடனே திருத்தாமல், ‘எப்படி அப்படி எண்ணினாய், தம்பி?’ என்று பொறுமையோடு கேட்கத்தக்க பெரியோர் இருவர் மூவர் பக்கத்திலே இருக்க வேண்டும். அப்பணிக்கு இசைவோர் இன்று கூட்டம் கலையுமுன் தங்கள் பெயரைச் செயலாளரிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.